அக்கா தந்த ஈயம், மச்சான் தந்த லித்தியம்

1

‘இந்தக் கருவி ஒவ்வோர் இரவும் பாவிக்கப்படல் வேண்டும். பயணங்களின்போதும் இதற்கு விலக்கு இல்லை.’

நோர்வேயின் மேற்குக் கரையில் நாங்கள் வசிக்கும் சிறு நகரத்து மருத்துவமனை, கார்த்திகை 12 என்று திகதியிட்டுத் தந்த கடிதத்தில் உள்ள இரண்டு வசனங்கள் இவை. ஒரு பக்கம் நொஸ்க், அதாவது நோர்வே மொழி, மறு பக்கம் ஆங்கிலம். தமிழ் நான் செய்தது. விமான நிலையங்களில் காட்டுவதற்காக எழுதி வாங்கினோம். கட்டாயம் கேட்பார்கள் என்று நான்கு பிரதி எடுத்து வெவ்வேறு பைகளில் வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

கருவி என் மனைவி சுகந்தியுடையது. ஒரு இறாத்தல் பாண் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் ஒரு கவசம். நித்திரையில் அவளுடைய தொண்டை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். மூச்சு நிற்கும், உடல் திடுக்கிட்டு எழும்பும், மறுபடி நிற்கும். கருவி காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தால் பாதை திறந்திருக்கும். அது இல்லாத இரவுக்கு அடுத்த நாள் அவளுக்குத் தலையிடி, படி ஏறினால் களைப்பு. இப்படியே விட்டால் இதயத்துக்குக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் சிக்கல் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்தக் கவசத்தோடு தன்னை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று சுகந்தி நினைத்தாள். மருத்துவர் கருவியைக் கொடுத்த பிறகு அவள் ஊருக்கு வரவேயில்லை. கேட்டால் முழங்கால் நோ என்பாள், குளிர்காலத்தில் வேலையில் லீவு இல்லை என்பாள். உண்மைக் காரணத்தை எனக்கு மட்டும் ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“உங்கடை அக்கா வீட்டில நான் உந்தக் கவசத்தை மூஞ்சையில மாட்டிக்கொண்டு கிடக்க, விடிய ஆரும் தேத்தண்ணியோட வந்து கதவைத் திறந்தால் என்ன செய்யிறது? ஆனைத் தும்பிக்கை மாதிரி இருக்கு. சுகந்திக்கு ஏதோ பெரிய வருத்தமாம் எண்டு பின்னேரத்துக்குள்ள அச்சுவேலி முழுக்கத் தெரிஞ்சிடும்.”

“அறையைப் பூட்டிக்கொண்டு படுக்கலாமே.”

“அக்கா வீட்டில அறையைப் பூட்டிறதோ? அதுக்கு நான் வராமலே இருக்கலாம்.”

அவள் சொன்னதும் சரி. எங்கள் வீடுகளில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கிற விருந்தாளியைப் பற்றி வேறு விதமான கதை வரும்.

2

நோர்வேயில் எங்களிடம் ஒரு வீட்டு வாகனம் இருக்கிறது. கட்டில், அடுப்பு, சிறு குளிர்பெட்டி எல்லாம் உள்ளே. அங்கே அதற்குப் ‘பூபில்’ என்று பெயர். நான் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற வருடத்தில் வாங்கினோம். ஒவ்வொரு கோடையிலும் வடக்கே போவோம். சூரியன் மறையாத ஊர்களில் யன்னல் திரையை இழுத்துவிட்டு, கடல் ஓரத்தில் சுகந்தி நன்றாக நித்திரை கொள்வாள். வாகனத்துக்குள் பார்க்க நான் மட்டும்தான்.

அந்த வாகனத்தில் படுக்கைப் பக்கத்துக்கு என்று ஒரேயொரு லித்தியம் பற்றரி. அதற்கேற்ற சார்ஜர். அவற்றைப் பொருத்திய பட்டறை ஒரு சான்றிதழ் தந்தது. அதை வருடாந்தப் பரிசோதனையில் காட்ட வேண்டும். ஒருமுறை நான் ஒரு வாசிப்பு விளக்கை நானே பூட்டினேன் என்று பரிசோதகர் அரை மணித்தியாலம் குனிந்து வயரைப் பார்த்தார். நான் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. அந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த பிறகு, ஒருவர் குனிந்து வயரைப் பார்ப்பது எனக்கு மனத்துக்கு ஆறுதலான காட்சி.

எங்கள் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது இப்படியொரு வாகனத்துக்கு ஆசைப்பட்டாள். வாங்கியபோது அவள் வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். இப்போது செய்தி அனுப்பினால் நொஸ்க்கில்தான் பதில். தமிழில் கேட்டாலும் நொஸ்க்கில், அதுவும் இரண்டு மூன்று சொல்லில். ‘பரவாயில்லை’, ‘பிறகு பார்க்கலாம்’, ‘கன்ஷே’. கன்ஷே என்றால் ‘இருக்கலாம்’. இம்முறை ஊருக்கு எங்களோடு வருவாயா என்று கேட்டதற்கும் கன்ஷே. வரவில்லை.

ஊரிலும் இப்படி ஒரு வாகனம் செய்தால் என்ன என்ற யோசனை எனக்குப் போன ஆவணியில் வந்தது. சுகந்தி உடனே சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை.

“இந்தமுறை சரிவந்தால் வருசா வருசம் வாறன். சரிவராட்டில் இனி என்னைக் கேக்கக் கூடாது. நீங்கள் தனியப் போட்டு வாங்கோ.”

வெளியில் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு நல்ல காரணம் தயாராக இருந்தது. என் அக்கா அச்சுவேலியில் இருக்கிறார். சுகந்தியின் தம்பி குகன் நெல்லியடியில். இரண்டு வீட்டுக்கும் இடையில் பஸ்ஸில் போகக்கூடிய தூரம்தான். ஆனால் எந்த வீட்டில் எத்தனை இரவு என்பது எங்களுடைய ஒவ்வொரு வருகையிலும் ஒரு வழக்கு. முன்னொரு முறை நெல்லியடியில் கூடுதலாக நின்றுவிட்டோம் என்று அக்கா இரண்டு வருடம் போனில் சொல்லிக் காட்டினார். ஆகவே, “வாகனத்திலேயே படுப்போம், இரண்டு வளவிலும் மாறி மாறி நிற்போம், ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது” என்று அறிவித்தோம். இரண்டு வீடும் ஒரே நேரத்தில் மனத்தாங்கல் பட்டன.

3

குகன் சாமான் ஏற்றும் ஒரு பழைய வான் வண்டியைப் பார்த்து வாங்கி வைத்திருந்தான். வாகனத்தின் வகையை மாற்றிப் பதிவதா என்று கேட்க ஒரு காரியாலயத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நான் வரைந்து கொண்டுபோன படங்களை நெடுநேரம் பார்த்தார்.

“ஐயா, இதுக்குள்ள படுக்கிறதெண்டால், இது வாகனமோ, வீடோ?”

“வாகனம்தான்.”

“அப்ப ஏன் யன்னலுக்குச் சீலை?”

கட்டிலைக் கழற்றி எடுக்கக்கூடியதாகச் செய்தால் சாமான் வானாகவே இருக்கட்டும் என்று அவரே வழி சொன்னார். நான் நன்றி சொல்லும்போது வாயில் ‘தக்’ என்று நொஸ்க்தான் வந்தது. அவர் அதைத் தும்மல் என்று நினைத்திருக்க வேண்டும். மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தினார்.

வேலையைச் செய்தவர் சாவகச்சேரியில் வாகன மின்வேலை செய்யும் ரூபன். கெட்டிக்காரர், கதைகாரர். கட்டில், மின்விசிறி, விளக்கு, சுகந்தியின் கருவிக்கு ஒரு இன்வேட்டர் எல்லாம் சரி. கருவி எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. ‘ஒரு சின்ன மெஷின்’ என்று மட்டும் சொன்னேன். பற்றரி ஒன்று வாங்க வேண்டியிருந்தது.

அந்தச் செய்தி எப்படியோ அச்சுவேலிக்குப் போய்விட்டது. அடுத்த நாள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் தங்களுடைய இன்வேட்டர் பற்றரியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது. ஈயமும் அமிலமும் உள்ள உயரமான பெரிய பற்றரி. இரண்டு பேர் தூக்க வேண்டும். கூடவே அதன் சார்ஜரும்.

“இப்ப கரண்ட் ஒழுங்கா வருது. இது சும்மா கிடக்குது. உன்ரை அக்கா தந்துவிட்டவ. காசைப் பற்றிக் கதைச்சால் எனக்குக் கோவம் வரும்.”

அன்று பின்னேரம் குகனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கொழும்புக்குப் போன் பண்ணினான். அந்தக் கிழமை முடிவதற்குள் புதுப் பெட்டியில் ஒரு லித்தியம் பற்றரி வந்து இறங்கியது.

“அத்தான், பழசை வைச்சு ஏன் கஷ்டப்படுறியள்? இது பத்து வருசத்துக்கு அசையாது. அக்கா படுக்கிற வான், நான் தராமல் ஆர் தாறது?” என்றான் என்னிடம். அவனுக்கு நான் அத்தான், சுகந்தி அக்கா.

ஆக, வானுக்கு ஒரு ஈயப் பற்றரி, ஒரு லித்தியம் பற்றரி. ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. ஒரு வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் எழும்புவதும் இதுவும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான்.

ரூபனோடு நடந்த உரையாடலை அன்றே எழுதி வைத்தேன்.

“ரெண்டும் பன்னிரண்டு வோல்ற் தானே அண்ணை. சேர்த்து அடிச்சு விடுவம்.”

“பேர்தான் பன்னிரண்டு. குணம் வேற தம்பி. ஈயம் நிரம்பினாலும் பன்னிரண்டே முக்காலுக்குக் கிட்டத்தான் நிக்கும். லித்தியம் பதின்மூண்டுக்கு மேல நிக்கும்.”

“அப்ப ஒண்டைக் கழட்டுவமோ?”

“எதை?”

ரூபன் இரண்டு பற்றரியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அது என்ரை வேலை இல்லை அண்ணை. அது உங்கடை குடும்ப விசயம்.”

வாசகர்களில் சிலர் சூரியத் தகடு வைத்திருப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். லித்தியம் பற்றரி கிட்டத்தட்ட வெறுமையாகும்வரை தன் உயரத்திலிருந்து இறங்காது. ஈயம் பாவிக்கப் பாவிக்க மெல்ல மெல்ல இறங்கும். இரண்டையும் நேராக இணைத்தால் உயர்ந்து நிற்பதுதான் முதலில் வேலை செய்யும். தாழ்ந்தது சும்மா இருக்கும். சும்மா இருந்துகொண்டே மற்றதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். பழைய ஈயமென்றால் கூடவே குடிக்கும். லித்தியம் முடிந்ததும் அதற்குள் இருக்கும் காவல் சுற்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பிறகு முழுச் சுமையும் களைத்த ஈயத்தின் தலையில். சார்ஜ் பண்ணும்போதும் இதே கதை. ஈயத்துக்கென்று செய்த சார்ஜர், லித்தியத்தின் உயரத்தைப் பார்த்து எல்லாம் நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிடும்.

இரண்டையும் சேர்க்கவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள், அளவு பார்த்துக் கவனமாகச் சேர்க்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் வாசித்திருக்கிறேன். ஒழுங்கான வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுக்கும் தெரிவு ஆளி ஒன்றை, அதாவது ஒரு சுவிட்சை, பூட்டுவது. அதற்குச் சொல்லி அனுப்பினோம். பொங்கலுக்கு முதல் வரவில்லை. பொங்கலுக்கு அக்காவின் வளவில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தோம்.

நோர்வேயில் என்றால் ஆளி வரும்வரை வாகனத்தை அசைத்திருக்க மாட்டேன். இங்கே, “சேர்த்து விடுங்கோ தம்பி” என்று நானே சொன்னேன்.

4

முதலில் நெல்லியடி. குகன் தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து, லித்தியத்துக்கான புதுச் சார்ஜரைப் பூட்டி, இரவு பகலாக விட்டுவிட்டான். கருவி ஓடியது. சுகந்தி விடிய எழும்பி, கவசத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு தம்பியின் குசினிக்குள் போய்த் தோசை சுட்டாள். என் வோல்ற் மானியில் எல்லாம் நல்ல எண்கள். ஆளி தேவையில்லையோ என்றுகூட நினைத்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் அச்சுவேலிக்குப் போனோம். அக்கா வானைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். பிறகு நேரே பின்பக்கம் போனார்.

“எங்கடை பற்றரி எங்கை?”

காட்டினேன்.

“மற்றது?”

“அது குகன் தந்தது.”

“ம். சின்னதாக் கிடக்கு.” அவ்வளவுதான் சொன்னார். ஆனால் திருப்தியாகத் திரும்பிப் போனார்.

அக்காவின் வளவில் இரண்டு விடயங்கள் எனக்கு எதிராக இருந்தன. ஒன்று, அத்தான் தந்த சார்ஜரைத்தான் அங்கே பாவிக்க வேண்டும். குகனின் சார்ஜரை வெளியில் எடுக்க முடியாது. அதில் கொஞ்ச நேரத்திலேயே பச்சை விளக்கு எரியும், நிரம்பிவிட்டது என்று. நிரம்பியிருக்காது. இரண்டு, அத்தானின் பழக்கம். பொழுது பட்டதும் அவர் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுவார். ரிவி, கிறைண்டர், போன் சார்ஜர். முன்னொரு மாரியில் மின்னல் அடித்து ஒரு ரிவி போனதிலிருந்து இந்த நடை. எங்கள் வயரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

“அத்தான், இதை மட்டும் விடுங்கோவன்.”

“சீச்சீ. மழைக்காலம் இன்னும் முடியேல்லை. அந்தப் பெரிய பற்றரி இருக்கேக்க உங்களுக்கு ஏன் கரண்ட்? ஒரு ஃபானும் லைற்றும்தானே?”

ஃபானும் லைற்றும் மட்டும் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார். வானின் கூரைமேல் ஒரு சிறிய சூரியத் தகடு இருந்தது. ஆனால் வான் மாமர நிழலில் நின்றது. வானை வெயிலுக்கு நகர்த்தலாமே என்றால், மரத்தடியில் நிறுத்தத்தான் அக்கா குப்பை கூட்டி மண் பரவி வைத்திருந்தார்.

முதல் இரவு தாங்கியது. மிச்சம் பிடிக்க, கருவியில் காற்றை ஈரமாக்கும் பகுதியை நிறுத்தினோம். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், அது சூடாகும், அந்தச் சூட்டுக்குத்தான் கரண்ட் கூடப் போகும். அதை நிறுத்தினால் மூக்குக் காய்ந்து எரியும். சுகந்தி பொறுத்துக்கொண்டாள். பொங்கலன்று பால் பொங்கும்போது அவளுடைய குரல் கரகரத்தது. ‘புகை’ என்றாள்.

5

பொங்கலுக்குப் பிறகு வந்த காலை, நான் எழும்பும்போது சுகந்தி வான் கதவைத் திறந்து படியில் இருந்தாள். கால் நிலத்தில், கை நெற்றியில். கருவியில் விளக்கு இல்லை. மானியை வைத்துப் பார்த்தேன். பத்தரை வோல்ற்றுக்குச் சற்று மேல். லித்தியம் தன்னைத் துண்டித்துவிட்டது, ஈயம் விழுந்துவிட்டது. எப்போது நின்றது என்று அவளுக்கும் தெரியவில்லை. தலையிடியோடு எழும்பினேன் என்றாள்.

“பின்னேரம் நெல்லியடிக்குப் போவமோ?” என்று கேட்டேன்.

“ரெண்டு நாளிலயோ? உங்கடை அக்கா உயிரோட விடுவாவோ?”

“அப்ப?”

அவள் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். மாமரத்துக்கு அந்தப் பக்கம் அக்கா கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். “அப்ப ரிக்கற்றை முன்னுக்கு மாத்துங்கோ. நான் சொன்னன்தானே. சரிவராது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கோபமில்லாமல் சொன்னாள். இனி வரமாட்டாள் என்பது எனக்கு விளங்கியது. அவளில்லாமல் நான் இந்த மாமரத்தடியில் தனியாக நின்று, ‘சுகந்திக்கு முழங்கால் நோ’ என்று ஒவ்வொருவருக்கும் சொல்லும் வருடங்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். ஸ்பானரை எடுத்தேன். ஈயத்தைக் கழற்றிவிட்டு, லித்தியத்தை மட்டும் குகனின் சார்ஜரில் ஒளித்து ஏற்றினால் அன்றிரவைச் சமாளிக்கலாம். கனத்த பற்றரியை இழுத்துக் கதவடிக்குக் கொண்டு வந்து மூச்சு வாங்கும்போது பின்னால் அக்காவின் குரல்.

“எங்கடை பற்றரியை ஏன் தம்பி வெளியில எடுக்கிறாய்?”

“தண்ணி மட்டம் பாக்க.”

“மற்றதுக்குப் பாக்கேல்லையோ?”

“அதுக்குத் தண்ணி இல்லை அக்கா.”

“ஓமோம். தண்ணி இல்லாததை உள்ளுக்கு வைச்சிருக்கிறாய், தண்ணி உள்ளதை வெளியில வைச்சிருக்கிறாய்.” தீன் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “குகன் சொன்னவனோ எங்கடையைக் கழட்டச் சொல்லி?”

“ஐயோ, இல்லை அக்கா.”

“அப்ப ஆர்?”

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். அறுபத்தைந்து வயது கடந்த ஒருவன் அக்காவுக்கு முன்னால் இப்படி நிற்பதைச் சுகந்தி படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா, இரக்கம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. எழும்பி உள்ளே போனாள். கருவி இருந்த பையோடு வெளியே வந்தாள்.

“மச்சாள், அவரிலை பிழை இல்லை. எனக்குத்தான் இரவில ஒரு மெஷின் போட்டுக்கொண்டு படுக்க வேணும். மூச்சுக்கு. இந்த வானில கரண்ட் காணாது. இண்டைக்கு நான் உள்ளுக்குப் படுக்கலாமோ?”

அக்கா பையைப் பார்க்கவில்லை. சுகந்தியின் முகத்தைத்தான் பார்த்தார்.

“படுமன். ஆர் வேண்டாமெண்டது? வந்த நாளில இருந்து நான் உதைத்தானே சொல்லுறன். ரெண்டு பேரும் பேய் மாதிரி மரத்துக்குக் கீழ கிடக்கிறியள்.” சட்டியில் மிச்சமிருந்த தீனை ஒரே வீச்சில் எறிந்தார். “கிழக்கால அறை. தலைமாட்டில பிளக் இருக்கு. இவரிட்டை நான் சொல்லுறன், அந்தப் பக்கம் போகக் கூடாதெண்டு.”

பகல் சாப்பாட்டின்போது அத்தானுக்குச் செய்தி போய்விட்டது.

“தம்பி, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அந்த வயரைத் தொட்டிருப்பனே? என்னைக் கொலைகாரன் ஆக்கப் பாத்தியள் ரெண்டு பேரும்.”

அக்கா கறி போட்டுக்கொண்டு கேட்டார்: “சுகந்தி, உதைப் போட்டால் குறட்டையும் நிக்குமோ?”

“ஓம் மச்சாள். அதுதான் முதல் நிக்கிறது.”

“அப்ப அடுத்தமுறை வரேக்க இந்த மனுசனுக்கும் ஒண்டு கொண்டு வாரும். நான் வாய்க்கும் சேர்த்துப் போட்டு விடுறன்.”

சுகந்தி சிரித்தாள். ‘அடுத்தமுறை’ என்ற சொல்லை அவள் மறுக்கவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிய, அக்கா தேத்தண்ணியோடு கதவைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். சுகந்தி கவசத்தோடு ஆழ்ந்து நித்திரை. அக்கா கோப்பையைக் கருவிக்குப் பக்கத்தில் வைக்கப் போய், வைக்காமல், அதை என்னிடம் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “படுக்கட்டும். நீ குடி.”

6

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகப் பதிகிறேன். அச்சுவேலியில் நாங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தங்கினோம். பிறகு நெல்லியடியில் குகனின் வீட்டுக்குள்ளேயே படுத்தோம். அவனுடைய பிள்ளைகள் கவசத்தை ஒவ்வொருவராக மாட்டிப் படம் எடுத்தார்கள், சுகந்தியே எடுத்துக் கொடுத்தாள். மாசி முதல் கிழமை தெரிவு ஆளி வந்தது, ரூபன் பூட்டினார். இப்போது ஒன்று ஈயம், இரண்டு லித்தியம் என்று திருப்பலாம். அச்சுவேலிக்குப் போகும்போது ஒன்றில் வைப்பேன், நெல்லியடிக்குப் போகும்போது இரண்டில். ஒவ்வொன்றையும் அதற்குரிய சார்ஜரில் தனித்தனியாக ஏற்றினேன். ஈயம் எதிர்பார்த்ததைவிட நன்றாக மீண்டது. வான் பகலில் நாங்கள் கீரிமலைக்கும் சாவகச்சேரிச் சந்தைக்கும் போய்வரும் வாகனமாயிற்று. சந்தையில் வாங்கிய பலாப்பழம் கட்டிலில் படுத்து வரும்.

இதை எழுதுவது நோர்வேயில். வெளியே பங்குனிப் பனி. சுகந்தி அடுத்த வருடத்து விமானச் சீட்டு விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இப்போதே.

ஒரு விடயம் மட்டும் எனக்கு இன்னும் பொருந்தவில்லை. அந்தக் கிழக்கால அறைக்குச் சுகந்தி கருவியோடு போனபோது, கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிறு மேசை போட்டிருந்தது. பெட்டியை வைக்கக் கணக்கான அளவு. மேசைமேல் காய்ச்சி வடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று, மூடி உடைக்காமல். கருவியின் ஈரப் பகுதிக்கு அந்தத் தண்ணீர்தான் விட வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. அன்றிரவு அதைத்தான் விட்டோம். அச்சுவேலிக்கு வந்தபின் அவள் மூக்கு எரியாமல் படுத்த இரவுகள் அப்போதுதான் தொடங்கின.

அக்காவிடம் கேட்டேன். “அது பற்றரிக்கு வாங்கினது” என்றார். ஈயப் பற்றரிக்கும் அதே தண்ணீர்தான், அது உண்மை. ஆனால் அந்தப் பற்றரியை மார்கழியிலேயே எங்களிடம் தந்துவிட்டார்கள். போத்தலில் கடைக்காரர் ஒட்டிய துண்டில் தை மாதம் இருந்தது. இல்லாத பற்றரிக்கு ஏன் தண்ணீர்?

அங்கிருந்து புறப்படுவதற்கு முதல் நாள், அக்காவின் குசினியில் இருந்து என் மகளின் குரல் கேட்டது. போனில் பதிந்து அனுப்பிய குரல். “மாமி, நான் பருப்பு செய்தனான். ஆனா கறுப்பா வந்தது. ஏன்?” முழு வசனங்கள். தமிழில். எனக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் எழுதாத பிள்ளை. அக்கா என்னைக் கண்டதும் போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

நோர்வேக்கு வந்ததும் மகளைக் கேட்டேன்: அம்மாவின் கருவியைப் பற்றி மாமிக்கு நீயா சொன்னாய்? தண்ணீரைப் பற்றியும்? பதில் வந்தது. ஒரே சொல். கன்ஷே.

அக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா, தெரிந்திருந்தால் சுகந்தி தானாக வந்து கேட்கும்வரை பொறுத்திருந்தாரா, அல்லது அந்தப் போத்தல் உண்மையிலேயே ஏதோ பற்றரிக்கு வாங்கியதா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அக்காவை இன்னொருமுறை நேரே கேட்டால் சொல்லக்கூடும். கேட்கக் கூடாது என்று சுகந்தி சொல்லிவிட்டாள்.